பாலம் காவு கேட்குமா?

எனக்கு எட்டு வயது இருக்கும்போது எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஆற்றுப்பாலம் கட்ட ஆரம்பித்தார்கள். கம்பியும் ஜல்லியும் வந்து இறங்கிய அன்றே அப்பத்தா எங்களை ஆற்றுப் பக்கம் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். "பாலத்துக்குப் பிள்ளை பிடிக்கிறவன் சாக்கோட சுத்துறானாம். தலைச்சன் பிள்ளையாப் பாத்துத் தேடுறானாம்." நான் தலைச்சன். ராத்திரி தெருவில் நாய் குரைத்தால்கூடப் போர்வையை இழுத்து மூடிக்கொள்வேன்.

சில மாதம் கழித்து, தூணுக்குத் தோண்டிய குழியில் மணல் சரிந்து ஒரு தொழிலாளி செத்துப்போனார். ஊரே போய்ப் பார்த்தது. அன்று சாயங்காலம் டீக்கடையில் பெரியவர்கள் பேசிக்கொண்டது இன்னும் காதில் இருக்கிறது. "காவு வாங்கிருச்சுல்ல, இனிமே பாலம் அசையாது." அதற்கப்புறம் அப்பத்தாவின் கெடுபிடியும் தளர்ந்தது. ஆற்றுக்குப் போகலாம் என்றார். உண்மையைச் சொன்னால் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. கேட்டதைக் கொடுத்தாச்சு, இனி நம்மைத் தேடி வராது.

அந்த நிம்மதிதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். கட்டுமானம் நிலைக்க ஓர் உயிர் வேண்டும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது, அது இப்போது எந்த வடிவத்தில் இருக்கிறது என்று கொஞ்ச நாளாகத் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் விஷயம் என்று நினைத்து ஆரம்பித்தது, ஜப்பானில் போய் நின்றது.

மனிதத் தூண்

ஜப்பானிய மொழியில் இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது: ஹிதோபஷிரா. 'ஹிதோ' என்றால் மனிதன், 'ஹஷிரா' என்றால் தூண். அணை, கோட்டை, பாலம் நிலைத்து நிற்க, அதன் அடியிலோ சுவரிலோ உயிரோடு வைத்துப் புதைக்கப்பட்ட ஆள். அந்த மொழியில் தெய்வங்களை எண்ணும்போதும் 'ஒரு தூண், இரண்டு தூண்' என்று இதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். செத்தவர் தூணாகவும் ஆகிறார், தெய்வமாகவும் ஆகிறார். நம்மூரில் கொலையுண்டவர்கள் காவல் தெய்வமாக நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை.

இதற்கு மிகப் பழைய எழுத்துச் சான்று, கி.பி. 720ல் தொகுத்து முடிக்கப்பட்ட 'நிஹோன் ஷோகி' என்ற வரலாற்று நூலில் இருக்கிறது. நிந்தொகு என்ற மன்னரின் காலத்தில், இன்றைய ஒசாகா பக்கம், ஆற்று வெள்ளத்தைத் தடுக்க மண்டா என்ற இடத்தில் கரை எழுப்புகிறார்கள். இரண்டு இடங்களில் எவ்வளவு மண் கொட்டினாலும் உடைத்துக்கொண்டு போகிறது. மன்னர் கனவில் ஒரு தெய்வம் வருகிறது. முசாஷி நாட்டுக்காரர் கோவகுபி, கவாச்சி நாட்டுக்காரர் கொரோமொனோகோ, இந்த இருவரையும் ஆற்றுத் தெய்வத்துக்குக் கொடுத்தால் உடைப்பு அடைபடும் என்கிறது. பேரும் ஊரும் உட்பட!

இருவரையும் தேடிப் பிடித்துக் கொண்டுவருகிறார்கள். கோவகுபி அழுதுகொண்டே தண்ணீரில் இறங்கிச் சாகிறார். கரை நிற்கிறது.

அடுத்து கொரோமொனோகோவின் முறை. அவர் அழவில்லை. இரண்டு முழுச் சுரைக்குடுக்கைகளை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போகிறார். கிணற்றில் நீச்சல் பழகும்போது முதுகில் கட்டிவிடுவார்களே, அதே சுரைக்குடுக்கைதான். அவற்றைத் தண்ணீரில் போட்டுவிட்டு ஆற்றைப் பார்த்துச் சொல்கிறார். அதன் சாரம் இது: "நீ என்னைக் கேட்டதாகச் சொல்கிறார்கள், வந்துவிட்டேன். நீ நிஜமான தெய்வமாக இருந்தால் இந்தக் குடுக்கைகளை மூழ்கடித்துக் காட்டு. நானே இறங்குகிறேன். முடியாவிட்டால் நீ பொய்த் தெய்வம். பொய்க்காக நான் ஏன் உடம்பை விட வேண்டும்?" உடனே ஒரு சுழல்காற்று எழுந்து குடுக்கைகளை உள்ளே இழுக்கப் பார்க்கிறது. அவை அலைமேல் ஆடி ஆடி, மூழ்காமல் மிதந்து தூரமாகப் போய்விடுகின்றன. அவர் வீட்டுக்குப் போகிறார். அந்த இரண்டாவது உடைப்பும் அடைபடுகிறது, ஆள் சாகாமலே.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இந்த ஏட்டுச் சுரைக்காய் ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது.

கதை எவ்வளவு தூரம் நடந்தது என்பது வேறு கேள்வி. எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், 1,300 வருடங்களுக்கு முன்னால், ஒரு மன்னரின் பெருமையைச் சொல்ல எழுதிய நூலிலேயே இப்படி ஒரு டெஸ்ட் பதிவாகியிருக்கிறது. இரண்டு உடைப்பு. ஒன்றில் பலி கொடுத்தார்கள், நின்றது. இன்னொன்றில் கொடுக்கவில்லை, அதுவும் நின்றது. அப்படியானால் முதல் ஆள் எதற்காகச் செத்தார்? நூல் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. ஆனால் விடைக்கு வேண்டிய இரண்டு வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டது. அதே வருடம் கொரியாவின் சில்லா நாட்டிலிருந்து வந்தவர்களையும் இந்தக் கரை வேலையில் இறக்கினார்கள் என்ற குறிப்பும் வருகிறது. மண் சுமந்தது யார் என்பதும் அதில் தெரிந்துவிடுகிறது.

சீட்டு எப்போதும் யாருக்கு விழும்?

இந்த வகைக் கதைகளை வரிசையாகப் படித்தால் ஒரு விஷயம் கண்ணில் படாமல் போகாது. தெய்வம் கேட்பது 'ஓர் உயிர்' மட்டும்தான். எந்த உயிர் என்று முடிவு செய்வது மனிதர்கள்.

அல்பேனியாவின் ஷ்கோதர் நகரில் ரொசாஃபா என்ற கோட்டை இருக்கிறது. மூன்று சகோதரர்கள் கட்டுகிறார்கள், பகலில் கட்டியது இரவில் இடிந்துவிடுகிறது. மறுநாள் யாருடைய மனைவி சாப்பாடு கொண்டுவருகிறாளோ அவளைச் சுவரில் வைத்துக் கட்ட வேண்டும், வீட்டில் யாரும் வாயைத் திறக்கக்கூடாது என்று சத்தியம் செய்கிறார்கள். மூத்தவர்கள் இருவரும் ராத்திரியே மனைவியிடம் சொல்லிவிடுகிறார்கள். சத்தியத்தைக் காப்பாற்றுபவன் கடைசித் தம்பி மட்டும். மறுநாள் சாப்பாட்டுடன் வருவது அவன் மனைவி, கைக்குழந்தைக்காரி. குழந்தைக்குப் பால் கொடுக்கவாவது ஒரு மார்பையும், தூக்கிக்கொள்ள ஒரு கையையும் சுவருக்கு வெளியே விடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறாள். குலுக்கல் நியாயமாகத்தான் நடந்தது போலத் தெரியும். ஆனால் விஷயம் தெரிந்தவர்கள் தப்பித்துவிட்டார்கள்.

ஜப்பானில் 1576ல் கட்டப்பட்ட மருவோகா கோட்டையின் கதை இன்னும் கசப்பானது. சுவர் திரும்பத் திரும்பச் சரிகிறது. ஓஷிசு என்ற ஏழை விதவை, ஒரு கண் பார்வை இல்லாதவள், இரண்டு பிள்ளைகள். தன் மகனைச் சாமுராய் ஆக்குவதானால் தான் மனிதத் தூணாகிறேன் என்கிறாள். ஒப்புக்கொண்டு அவளைப் புதைக்கிறார்கள். கோட்டையும் எழுகிறது. பிரபு வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விடுகிறார், மகன் சாமுராய் ஆகவே இல்லை. வருடாவருடம் சித்திரை வாக்கில் மழை பெய்து அகழி நிரம்பினால் அதை ஓஷிசுவின் கண்ணீர் என்று சொல்வார்களாம். கோட்டை வளாகத்தில் அவளுக்கு நினைவுக்கல் இருக்கிறது. நஷ்டஈடு அறிவித்துவிட்டுக் கொடுக்காத கதை, நமக்குப் புதிதா என்ன?

நம்மிடமும் அரவான் இருக்கிறார். தமிழ் மரபில் சொல்லப்படும் களப்பலிக் கதையில், 32 லட்சணமும் பொருந்தியவர்கள் பாண்டவர் பக்கம் மூன்றே பேர்: கிருஷ்ணர், அர்ஜுனன், அரவான். கிருஷ்ணர் இல்லாமல் போர் நடத்த முடியாது, அர்ஜுனன் இல்லாமல் ஜெயிக்க முடியாது. மிச்சம் இருப்பது நாகப் பெண்ணான உலூபி பெற்ற பிள்ளை. லட்சணம் மூவருக்கும் ஒன்றுதான், விலைதான் வேறு. கூத்தாண்டவர் கோயில்களில் ஊரே தாலி அறுத்து அழுவது, அந்தக் கணக்கு நியாயமில்லை என்று உள்ளுக்குள் தெரிந்ததால்தானோ என்று எனக்குத் தோன்றும்.

ஆக, வெளியூர்க்காரர், கடைசி மருமகள், ஏழை விதவை, நாகப் பெண்ணின் மகன். இந்தக் கதைகளில் மன்னரோ தலைமைக் கட்டுநரோ தானே போய்ப் படுப்பதில்லை. அதோடு, செத்தவர் 'தானே முன்வந்தார்' என்று சேர்த்துவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. புதைத்தவர்கள் நிம்மதியாகத் தூங்க அந்த வரி தேவை.

நிஜமாகவே செய்தார்களா?

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். 1923 நிலநடுக்கத்துக்குப் பிறகு தோக்கியோ அரண்மனையைப் பழுது பார்க்கும்போது, 1925ல், பழைய எதோ கோட்டையின் ஒரு காவல் மாடத்துக்கு அடியில் எலும்புக்கூடுகள் கிடைத்தன. மனிதத் தூண் கிடைத்துவிட்டது என்று பத்திரிகைகள் பரபரத்தன. அறிஞர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். அங்கே முன்பு இருந்த இடுகாட்டு எலும்புகளாக இருக்கலாம் என்று ஒரு தரப்பு சொன்னது. அஸ்திவாரத்தில் எலும்பு கிடைத்தால் அது பலிதான் என்று சட்டென்று முடிவுகட்ட முடியாது.

ஆனால் 'செய்கிறார்கள்' என்ற வதந்திக்கு அத்தாட்சி நிறைய இருக்கிறது. ஜெர்மனியின் ஹாலே நகரில் 1843ல் புதுப் பாலம் கட்டியபோது, அஸ்திவாரத்தில் வைக்க ஒரு குழந்தை தேவைப்படுகிறது என்று ஜனங்கள் பேசிக்கொண்டதை மானிடவியலாளர் எட்வர்ட் டைலர் குறித்திருக்கிறார். அப்பத்தா சொன்ன அதே கதை, ஜெர்மனியில், அவருக்கு ரொம்ப முன்னால்.

சிங்கப்பூரில் நடந்தது நமக்கு இன்னும் நெருக்கம். அங்கே முதல் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தில் 1845லும் 1849லும் இடி விழுந்தது. 1852ல் அதை மூடிவிட்டார்கள். உள்ளே ஆவி புகுந்துவிட்டது, அதைச் சாந்தப்படுத்த அரசாங்கத்துக்கு மனிதத் தலைகள் வேண்டும் என்று அந்தச் சமயத்தில் வதந்தி கிளம்பியது. தலை எடுக்க ஏவப்பட்டவர்கள் என்று யாரைச் சொன்னார்கள் தெரியுமா? இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டு அங்கே வேலை வாங்கப்பட்ட கைதிகளை. அவர்களில் மதராஸ் மாகாணத்துக்காரர்களும் உண்டு. ஊரே யாரைப் பார்த்துப் பயந்ததோ, அதே கைதிகள்தான் பிறகு புதிய தேவாலயத்தைக் கட்டினார்கள். சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்து அரைக்கும் மதராஸ் சாந்துப் பூச்சு அந்தச் சுவர்களில் இருக்கிறது. 1862ல் அது புனிதப்படுத்தப்பட்டது. தலை எடுப்பவர்கள் என்று பேர் வாங்கியவர்கள், வாழ்நாளை அந்த ஊரின் கட்டடங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

இதெல்லாம் பழைய கதை என்று நினைத்தால், 2019 ஜூலைக்கு வாருங்கள். வங்கதேசத்தில் பத்மா ஆற்றின் மேல் 6.15 கிலோமீட்டர் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பாலத்துக்கு மனிதத் தலைகள் வேண்டுமாம், பிள்ளை பிடிப்பவர்கள் சுற்றுகிறார்களாம் என்று ஃபேஸ்புக்கில் செய்தி பரவியது. அப்படி எதுவும் இல்லை என்று பாலத் திட்ட அதிகாரிகள் அறிக்கை விட்டார்கள். பயனில்லை. பிள்ளை பிடிப்பவர் என்ற சந்தேகத்தில் நாட்டின் பல இடங்களில் ஆட்களை அடித்தே கொன்றார்கள். அந்த மாதக் கடைசிக்குள் 8 பேர் இறந்திருந்தார்கள். அதில் ஒருவர், தன் பிள்ளையைச் சேர்ப்பது பற்றி விசாரிக்கப் பள்ளிக்கூடத்துக்கு வந்த ஒரு தாய்.

பாலம் யாருடைய தலையையும் கேட்கவில்லை. பாலம் கேட்கிறது என்று நம்பியவர்கள் எட்டுப் பேரைக் கொடுத்தார்கள். அவர்களைத் தேர்ந்தெடுத்த விதமும் பழைய விதம்தான்: அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாத முகம்.

சுவருக்குள் நின்றவர்கள்

அப்படியானால் எல்லாம் வெறும் வதந்தி, படிக்காத ஜனங்களின் பயம் என்று மூடிவைத்துவிடலாமா? நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்தேன், ஜோமோன் சுரங்கப்பாதை பற்றிப் படிக்கும்வரை.

ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைதோவில், 1912 முதல் 1914 வரை தோண்டிய 507 மீட்டர் ரயில் சுரங்கம் அது. தோண்டியவர்கள் 'தாகோபெயா' முறையில் கொண்டுவரப்பட்டவர்கள். 'தாகோ' என்றால் எண்காலி மீன், 'பெயா' என்றால் அறை. பானைக்குள் நுழைந்த எண்காலி வெளியே வராது என்பது இந்தப் பேருக்குச் சொல்லும் விளக்கங்களில் ஒன்று. முன்பணம் கொடுத்துக் கூட்டிவந்து, ராத்திரியில் பூட்டிவைத்து, ஓடினால் அடித்து, மோசமான சாப்பாட்டில் பெரிபெரி நோய் வந்தால் அப்படியே விட்டு... நூற்றுக்கும் மேல் ஆட்கள் செத்தார்கள் என்கிறார்கள். நம்மூர்ச் செங்கல் சூளை, அரிசி ஆலைக் கொத்தடிமைகளைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை.

ரயில் ஓட ஆரம்பித்த பிறகு அந்தச் சுரங்கத்தைப் பற்றிப் பேய்க்கதைகள் கிளம்பின. ரத்தத்தோடு ஓர் ஆள் தண்டவாளத்தில் நிற்கிறான், ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்திவிடுகிறார்கள் என்று பேச்சு. சுவருக்குள் ஆட்களை வைத்துக் கட்டியிருக்கிறார்கள் என்றும் சொன்னார்கள். செத்தவர்களுக்காகப் பக்கத்தில் ஒரு ஜிசோ சிலையையும் வைத்தார்கள். வழக்கம்போல வதந்தி என்றுதான் வெளியாட்கள் நினைத்திருப்பார்கள். 1968ல் ஒரு நிலநடுக்கம் சுரங்கத்தின் சுவரைச் சேதப்படுத்தியது. 1970ல் பழுது பார்க்கும்போது சுவருக்குப் பின்னால் மனித எலும்புக்கூடு இருந்தது, நின்ற நிலையில். சுற்றுவட்டாரத்திலும் எலும்புகள் கிடைத்தன. 1980ல் இறந்த தொழிலாளிகளுக்கு ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள்.

ஹாலே, சிங்கப்பூர், பத்மா வதந்திகளுக்கும் ஜோமோன் வதந்திக்கும் வித்தியாசம் இதுதான். முதல் மூன்றிலும், வெளியிலிருந்து யாரோ பலி தேடி வருகிறார்கள் என்று ஜனங்கள் பயந்தார்கள். அப்படி யாரும் வரவில்லை. ஜோமோனில் பலி தேடி யாரும் வெளியே போகத் தேவையே இல்லை. ஆட்கள் ஏற்கனவே உள்ளேதான் இருந்தார்கள், மண்வெட்டியோடு. அங்கே எந்தத் தெய்வமும் யாரையும் கேட்கவில்லை. கணக்குப் பார்த்த மனிதர்களுக்கு அந்த உயிர்கள் மலிவாகத் தெரிந்தன, அவ்வளவுதான். பழங்கதையின் எதிரொலி என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் நான் இதைத்தான் சொல்வேன். ரகசியப் பூஜை, மந்திரவாதி என்று தேடிப் போவதில் எனக்கு ஆர்வம் இல்லை.

ஒரு சொல்

நாளிதழைத் திறந்தால் 'கட்டட விபத்தில் 2 பேர் பலி' என்று இருக்கும். பலி என்ற சொல் தெய்வத்துக்குப் படைப்பதைக் குறிக்கும். பலிபீடம், பலிச்சோறு என்கிறோம். தேவாரத்தில் அது சிவன் ஏற்கும் பிச்சை. வடமொழியில் அரசனுக்குச் செலுத்தும் திறைக்கும் அந்தப் பேர் உண்டு. எல்லாப் பொருளிலும் கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர் இருக்கிறார்கள். செய்தித் தலைப்பில் மட்டும் பலி இருக்கிறது, வாங்கியது யார் என்பது இல்லை. இருந்தாலும் 'உயிர்ப்பலி வாங்கிய பாலம்', 'காவு கேட்கும் வளைவு' என்று கல்லையும் தாரையும் எழுவாயாகப் போட்டுவிடுகிறோம். இலக்கணப்படி சரி. ஆனால் சாரம் சரியாகக் கட்டாதவரும், முட்டுக் கொடுக்காமல் கான்கிரீட் போடச் சொன்னவரும், சீக்கிரம் முடி என்று நெருக்கியவரும் அந்த வாக்கியத்தில் எங்கேயும் இல்லை.

என் வேலையில், ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் விழுந்தால், மறுநாள் 'ஏன்' என்று குறைந்தது ஐந்து தடவை கேட்டு அறிக்கை எழுத வேண்டும். 'நேரம் சரியில்லை' என்று காரணம் எழுதினால் மேனேஜர் சிரிப்பார். ஒரு வெப்சைட் அரைமணி நேரம் ஓடாததற்கு இவ்வளவு கேள்வி. எங்கள் ஊர்ப் பாலத்துக் குழியில் ஏன் மணல் சரிந்தது என்று யாரும் ஒரு தடவைகூடக் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆற்று மணலில் அத்தனை ஆழம் தோண்டினால் பக்கச் சுவருக்குப் பலகையும் முட்டும் அடிக்க வேண்டும். நான் பார்த்த அந்தக் குழியில் மணலைத் தவிர எதுவும் இல்லை. காவு என்று ஒரு சொல் கிடைத்ததும் எல்லாருக்கும் விடை கிடைத்துவிட்டது. கொரோமொனோகோ செய்தது பெரிய புரட்சி எல்லாம் இல்லை. 'கேட்பது யார், நிரூபி' என்றார். அது ஒன்றே போதுமாக இருந்தது.

இதை எழுதும் முன் அம்மாவிடம் போனில் கேட்டேன். அந்தப் பாலத்தில் செத்தாரே, அவர் பேர் என்ன, எந்த ஊர்?

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "யாரோ வெளியூர்க்காரன்டா. சின்ன வயசு. பொண்டாட்டி வந்து அழுதுச்சு. பேரு தெரியல." அப்புறம் அவராகவே சொன்னார்: "பாலம் மட்டும் இன்னும் நல்லாத்தான் இருக்கு."

ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் போகிறேன். முகப்பில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. அடிக்கல் நாட்டியவர் பேர், திறந்துவைத்தவர் பேர், தலைமை வகித்தவர் பேர் எல்லாம் அதில் உண்டு. அந்தத் தொழிலாளியின் பேர் இல்லை.